விண்டோஸ் 10 போனால் என்ன? பழைய லேப்டாப்பில் லினக்ஸை ஓட்டிப் பார்ப்பது எப்படி?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. உங்க லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மாடலா? பழைய விலைக்குத் தள்ளிவிடும் முன் லினக்ஸ் மின்ட்டைப் பாருங்க. இலவசம், 4 ஜிபி ராம் போதும். கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸ்தான் ஓடுகிறது.

அதன் அதிகாரப்பூர்வ தளத்தில் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, ரூஃபஸ் மூலம் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். (பென்டிரைவில் இருப்பது அழியும், காலியானதா எடுங்க.) லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது எஸ்கேப் கீயைத் தட்டினால் பூட் மெனு வரும், கம்பெனிக்குக் கம்பெனி கீ மாறும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் அதிலிருந்தே ஓடும். ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றும் வேலை செய்யுதானு அப்பவே பார்த்துடுங்க.

பலர் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில்தான். இன்ஸ்டால் செய்யும்போது 'டிஸ்க்கை அழி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் குடும்பப் போட்டோ, கணக்கு ஃபைல் எல்லாம் போயிடும். முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். எக்ஸெல்லுக்குப் பதில் லிப்ரேஆஃபிஸ் இருக்கு. ஆனா டேலி நேரடியாக ஓடாது; கடைக் கணக்கு அதில்தான் என்றால் விண்டோஸை விட்டுவிடாதீங்க.