ஆம்ஸ்டர்டாமில் ஒரு பழைய பேங்க்

ஆம்ஸ்டர்டாம் போய்வந்தேன் என்றால் இரண்டு கேள்விகள்தான் வருகின்றன. துலிப் பூ பார்த்தீர்களா என்று வீட்டில் கேட்கிறார்கள். இன்னொன்றை ஆபீஸில் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். நான் போனது 2023 ஜூன் மாதம், துலிப் சீசன் முடிந்துவிட்டது. அந்த இன்னொன்றைப் பற்றி இங்கே பேசுவதாக இல்லை. நான் பார்க்க ஆசைப்பட்டது ஒரு பேங்க். அதுவும் 1819ல் இழுத்து மூடிய பேங்க்!

கூட வந்தவன் என் கல்லூரித் தோழன். மன்னம்பந்தலில் ஒன்றாக பி.காம். படித்தோம். சொந்த ஊர் நாகப்பட்டினம் என்பதால் ஹாஸ்டலில் அவனுக்கு 'நாகை' என்றே பெயர். நான் பேங்க் பரீட்சை எழுதி பம்பாய் வந்து செம்பூரில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். அவன் சி.ஏ. முடித்துவிட்டு எங்கெங்கோ சுற்றி, ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டெல்வேனில் குடியேறிவிட்டான். நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் பகுதி அது. கறிவேப்பிலைக்குக் கவலை இல்லை.

டாம் சதுக்கத்தில் இருக்கும் அரண்மனைக்குள் பத்து வருஷத்தில் அவன் ஒருமுறைகூடப் போனதில்லையாம். நாம் மட்டும் என்ன, உள்ளூர்க் கோயிலுக்கு விருந்தாளி வந்தால்தானே போகிறோம்?

அது அரண்மனையாகக் கட்டப்பட்டதே அல்ல. நகராட்சி மன்றம். 1648ல் ஆரம்பித்து 1655ல் திறந்தார்கள். கீழே சதுப்பு நிலம் என்பதால் 13,659 மரத்தூண்களை அடித்து இறக்கி, அவற்றின் மேல் இத்தனை பெரிய கல் கட்டடத்தை நிற்க வைத்திருக்கிறார்கள். நெப்போலியனின் தம்பி லூயி 1808ல் வந்து உட்கார்ந்த பிறகுதான் அரண்மனை ஆயிற்று. மேல் மண்டபத்தில் பளிங்குத் தரையில் உலக வரைபடம் பதித்திருக்கிறது. அதன்மேல் குழந்தைகள் ஓடி விளையாடுகின்றன. எல்லோரும் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது கீழ்த்தளம். பேங்க் இயங்கியது அங்கேதான்.

விஸ்ஸல்பாங்க் என்று பெயர். நகராட்சியே 1609 ஜனவரி 31 அன்று தொடங்கியது. அப்போது அந்த நாட்டில் பல நாணயச் சாலைகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு எடை. போதாக்குறைக்கு ஓரம் சுரண்டிய காசு, தேய்ந்த காசு. கடன் வாங்கும்போது நல்ல காசு, திருப்பும்போது தேய்ந்த காசு என்றால் வியாபாரம் எப்படி நடக்கும்? காசை எங்களிடம் கொடுங்கள், எடை பார்த்து உண்மையான மதிப்பை உங்கள் கணக்கில் வரவு வைக்கிறோம், ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றது நகராட்சி. 600 கில்டருக்கு மேற்பட்ட உண்டியல்களை (கோயில் உண்டியல் அல்ல, வியாபாரிகளின் ஹுண்டி) இந்த பேங்க் வழியாகத்தான் தீர்க்க வேண்டும் என்று சட்டமும் போட்டார்கள். நாம் இன்றைக்கு போனில் செய்கிற பணப் பரிமாற்றம்தான், பேனாவால் லெட்ஜரில். கையில் இருக்கும் காசைவிட பேங்க் கணக்கில் இருக்கும் பணத்துக்கு மதிப்பு அதிகம், பொதுவாக நாலைந்து சதவீதம் கூடுதல்! என் இத்தனை வருஷ சர்வீஸில் எந்தக் கஸ்டமரும் எங்கள் லெட்ஜருக்கு அப்படி ஒரு மரியாதை கொடுத்ததில்லை.

இந்த மரியாதைக்குக் காரணம் ஒரு நம்பிக்கை. பேங்க் யாருக்கும் கடன் கொடுக்காது, போட்ட காசு அப்படியே நிலவறையில் இருக்கும் என்று ஊர் நம்பியது. 1672ல் பிரெஞ்சுப் படை உட்ரெக்ட் வரை வந்தபோது ஜனங்கள் பதறிப்போய் பணம் எடுக்க ஓடி வந்தார்கள். பேங்க் தயங்காமல் எண்ணிக் கொடுத்தது. அப்போது வெளியே வந்த காசுகளில் சில கருகியிருந்தனவாம். 1652ல் பழைய நகர மன்றம் தீப்பிடித்ததே, அந்தத் தீயில் பட்ட காசு. அதாவது அன்றைக்கு வைத்தது இருபது வருஷமாக வைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது. இதை எழுதிவைத்தவர் ஆடம் ஸ்மித். பதவிக்கு வரும் மேயர்கள் வருஷா வருஷம் கஜானாவைக் கணக்கோடு சரிபார்த்து, சத்தியம் செய்து பொறுப்பேற்றுக்கொள்வார்கள் என்றும் 1776ல் எழுதினார். ஸ்ட்ராங் ரூம் சாவி வாங்கி சார்ஜ் எடுத்த எவருக்கும் இந்தக் காட்சி புரியும். இரண்டு பேர், இரண்டு சாவி, ரிஜிஸ்டரில் இரண்டு கையெழுத்து.

ஆனால் பேங்க் கடன் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆடம் ஸ்மித் எழுதுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே. வாங்கியவர் யார் என்று தெரிய, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் இன்னோர் இடத்துக்குப் போக வேண்டும்.

வழியில் நெஸ் என்று ஒரு குறுகலான தெரு. இப்போது நாடகக் கொட்டகைகள். 1602ல் இங்கே டிர்க் வான் ஓஸ் என்ற வியாபாரியின் வீட்டில் வைத்துத்தான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆம்ஸ்டர்டாம்வாசிகளிடம் பங்குப் பணம் வசூலித்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதினார்கள். கடைசி நேரத்தில் அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணும் 100 கில்டர் போட்டாள். நேல்ட்கன் கோர்னெலிஸ் என்று அவள் பெயரே பதிவேட்டில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கம்பெனியின் தலைமை அலுவலகம். இப்போது பல்கலைக்கழகக் கட்டடம். முற்றத்தில் நின்று வாசல் மேலே இருந்த எழுத்துகளைக் காட்டினேன். "இந்த வழியா எத்தனை தடவை சைக்கிள்ல போயிருக்கேன்டா" என்றான் நாகை.

இந்தக் கம்பெனிதான் 1613ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டியது. 1658ல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தது. 1690 வாக்கில் சோழமண்டலக் கரைக்கான தலைமையிடத்தை நாகைக்கே மாற்றியது. நம் தறிகளின் துணியை ஏற்றிப் போய், கீழைத் தீவுகளில் ஜாதிக்காய், கிராம்பு வாங்கினார்கள். பஞ்ச காலத்தில் துணியோடு நம் மனிதர்களையும் அடிமைகளாக பட்டாவியாவுக்கு ஏற்றினார்கள். அந்த லாபமும் இதே முற்றத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும். (லெய்டன் செப்பேடுகளைப் பற்றிக் கேட்காதீர்கள். அது தனிக்கதை, நிறையப் பேர் எழுதியாயிற்று.)

கப்பல் போய்த் திரும்ப வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை கைச்செலவுக்குப் பணம் வேண்டும். கம்பெனி பேங்கில் வாங்கும், கப்பல் வந்து சரக்கை ஏலம் விட்டதும் அடைத்துவிடும். அறுவடைக்குத் திருப்பும் பயிர்க்கடன் மாதிரிதான். பல தலைமுறை ஒழுங்காகக் கட்டிய பார்ட்டி. உண்மையைச் சொன்னால், ஃபைல் என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் சிபாரிசு செய்திருப்பேன். பெரிய மனிதர்களும் அதே ஆட்கள்தான், நகராட்சியிலும் அவர்கள், கம்பெனியிலும் அவர்கள்.

1780 டிசம்பரில் இங்கிலாந்து போர் அறிவித்தது. டச்சுக் கப்பல்கள் கடலிலேயே பிடிபட்டன. 1781 நவம்பரில் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1784ல் சமாதானம் ஆனபோதும் அதைத் திருப்பித் தரவில்லை. சரக்கு வரவில்லை, ஏலம் இல்லை, கடன் அடையவில்லை. நம் பாஷையில் சொன்னால், சீசன் கடன் வராக்கடன் ஆகிவிட்டது. பேங்க் என்ன செய்தது? மேலும் கொடுத்தது. இப்போது நிறுத்தினால் கம்பெனி விழும், கம்பெனி விழுந்தால் பழைய கடனும் போகும். எங்கள் தொழிலில் மிகப் பழைய வியாதி இதுதான். நிலவறையில் வெள்ளி குறைந்துகொண்டே போனது, லெட்ஜர் மட்டும் கம்பீரமாக இருந்தது. ஊருக்கு யாரும் சொல்லவில்லை. 1790ல் சமாளிக்க முடியாமல், பேங்க் பணத்துக்கு இனி 10 சதவீதம் குறைவாகத்தான் வெள்ளி என்று அறிவித்தார்கள். 1795ல் பிரெஞ்சுப் படையோடு ஆட்சி மாறியதும் கணக்கு வெளியே வந்தது. கஜானாவில் இருக்க வேண்டிய காசு, கம்பெனிக்கும் நகராட்சிக்கும் போன கடன் பத்திரங்களாக இருந்தது. அந்தக் கம்பெனியும் 1799 கடைசி நாளோடு முடிந்தது.

அரண்மனையில் இன்னொன்று பார்த்தோம், அதைச் சொல்லாமல் விட முடியாது. மேல்தளத்தில் திவால் வழக்குகளைக் கவனித்த அறையின் வாசல் மேலே ஒரு சிற்பம். மெழுகுச் சிறகோடு சூரியனுக்கு அருகில் பறந்து விழும் இக்காரஸ். அதைச் சுற்றிய தோரணத்தில் காலியான பணப்பெட்டி, கட்டாத பில்கள், அவற்றைக் கொறிக்கும் எலிகள்! ஓவியர் ரெம்பிராண்ட் 1656ல் திவாலானபோது அவர் சொத்துப் பட்டியலை எடுத்தது இந்த அலுவலகம்தான். 363 இனங்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் இன்று அவர் வீட்டு மியூசியத்தில் அறைகளை அலங்கரித்திருக்கிறார்கள். ஜப்தி லிஸ்ட் இப்படியும் பயன்படும்.

தனி மனிதன் திவாலானால் எலி வரை செதுக்கி எச்சரித்த அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் பேங்க் நிலவறை காலியானது.

நாகை அந்த எலிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அக்கா முலுண்டில் இருக்கிறாள். அத்தானின் ரிட்டயர்மென்ட் பணம் முழுவதையும் ஒரு கூட்டுறவு வங்கியில் போட்டிருந்தார்கள். ஒரு நாள் காலை, இனி இவ்வளவுதான் எடுக்கலாம் என்று நோட்டீஸ். ஒரே பார்ட்டிக்குக் கொடுத்த கடனைப் பல வருஷமாக மறைத்திருந்தார்கள். காப்பீட்டு வரம்பு அப்போது ஒரு லட்சம். 2020 பிப்ரவரியில்தான் அது ஐந்து லட்சமானது. அக்காவுக்கு வரவேண்டியது இன்னும் முழுதாக வரவில்லை.

"ஆடிட் பண்ணினவன்லாம் என்னடா பண்ணிட்டிருந்தான்?" என்றான்.

"நீதானே சி.ஏ., நீ சொல்லு."

அவன் சிரிக்கவில்லை. "கடன் குடுத்தது தப்பில்லடா. குடுக்கலைன்னு சொன்னதுதான் தப்பு," என்றான் கொஞ்ச நேரம் கழித்து. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடன் கொடுப்பதைச் சொல்லியிருந்தால் 1780லேயே ஜனங்கள் கேள்வி கேட்டிருப்பார்கள். பத்து வருஷம் மிச்சமாகியிருக்கும்.

அன்று இரவு ஆம்ஸ்டெல்வேனில் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு அவன் அக்காவுக்கு வீடியோவில் பேசினான். நாகப்பட்டினத்தில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தை அவளுக்கும் ஞாபகம் இருந்தது. அந்த ஆட்கள் கதைதான் என்று ஆரம்பித்து, கப்பல், கருகிய காசு, எலி எல்லாவற்றையும் சொன்னான். பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அதுல போட்டவங்களுக்கு எவ்வளவு வெட்டுனாங்களாம்?"

"முதல்ல பத்து சதவீதம்க்கா."

"பத்துதானா?" என்றாள்.