எங்கே எரிகிறது? கலச் சுவாசத்தைத் தேடிய கதை

உயர்தரத்தில் உயிரியல் படித்த எங்களுக்குக் கலச் சுவாசம் எண்டால் முதலில் ஞாபகம் வருவது ஒரு வட்டம்தான். சுற்றிவர அம்புக்குறிகள், இடையிடையே வாயில் நுழையாத அமிலங்களின் பெயர்கள், மேலே 'கிரெப்சின் வட்டம்' எண்டு ஒரு தலைப்பு. சோதனைக்கு முதல்நாள் இரவு அதைக் கொப்பியில் திரும்பத் திரும்பக் கீறிப் பாடமாக்கியிருக்கிறம். ஆனால் கிரெப்ஸ் ஆர், எந்த ஊர், அவர் ஏன் அதை வட்டம் எண்டு நினைச்சவர் எண்டு நாங்கள் கேட்டதில்லை. கேட்டாலும் அதுக்குப் புள்ளி வராது.

அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் போனால் 200 ஆண்டுக்குக் கிட்டவான ஒரு தேடல் தெரிகிறது. சாப்பாடு எங்களுக்குள் எரிகிறது எண்டால், எங்கே எரிகிறது? இதுதான் அந்தத் தேடலின் கேள்வி.

பாரிசில் இருந்து தொடங்குவம். 1783இல் லவோசியேயும் லாப்லாசும் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சுற்றிவரப் பனிக்கட்டி அடைத்த பாத்திரத்துக்குள் ஒரு கினிப்பன்றியை வைத்து, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். 10 மணித்தியாலத்தில் சுமார் 13 அவுன்ஸ் உருகியது. அதே நேரத்தில் அந்த விலங்கு வெளிவிடும் காபனீரொட்சைட்டின் அளவுக்குக் கரியை எரித்தால் 10 அவுன்சுக்குச் சற்று மேல் உருகும். இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை, ஆனால் கிட்ட வந்தன. மூச்சுவிடுவது மெதுவாக நடக்கிற ஒரு எரிதல் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். அந்த எரிதல் நுரையீரலில் நடப்பதாக நினைத்தார்கள்.

லவோசியே அதோடு நிற்கவில்லை. 1789இல், பிரெஞ்சுப் புரட்சி வெடித்த அதே ஆண்டில், ஆர்மன் செகென் என்ற இளைஞரையே பரிசோதனைக்கு இருத்தி, வேலை செய்யும்போது உடல் எவ்வளவு ஒட்சிசனைக் கூடுதலாக எடுக்கிறது என்று அளந்தார். வேலை கூடினால் எரிதலும் கூடும் என்று தெரிந்தது. அந்த ஆய்வுக் கட்டுரையில் அவர் ஒரு சங்கடமான கேள்வியையும் எழுதி வைத்தார். உடலால் உழைக்கிற ஏழைதான் கூட எரிக்கிறார், அவருக்குத்தான் கூடச் சாப்பாடு வேணும். அப்படியிருக்க, அவ்வளவு தேவைப்படாத பணக்காரருக்கு ஏன் எல்லாம் மிஞ்சிக் கிடக்கிறது? இதைக் கேட்டவர் மன்னருக்காக மக்களிடம் வரி அறவிட்ட நிறுவனத்தின் பங்காளிகளில் ஒருவர் என்பதையும் சொல்லவேணும். அந்தத் தொழிலுக்காகவே 1794 மே 8ஆம் திகதி அவருடைய தலை வெட்டப்பட்டது.

நுரையீரல் எண்ட விடை கனகாலம் நிலைக்கவில்லை. உடலின் வெப்பம் முழுக்க அங்கேயே உண்டானால் நுரையீரல் தாங்குமா என்று கணிதவியலாளர் லக்ராஞ்ச் கேட்டார். சிலர் இரத்தத்தில் எரிகிறது என்றார்கள். இத்தாலியில் ஸ்பல்லன்சானி, நத்தைகளின் உடலில் இருந்து பிரித்தெடுத்த இழையங்கள்கூட ஒட்சிசனை எடுப்பதைக் கண்டிருந்தார். 1870களில் ஜேர்மனியின் புளூகர், சுவாசம் நடக்கும் இடம் கலங்கள்தான் என்று நிறுவினார். 1897இல் எடுவார்ட் புக்னர், மதுவத்தை அரைத்துப் பிழிந்த சாறே வெல்லத்தை நொதிக்கச் செய்வதைக் காட்டினார். உயிருள்ள கலம் இல்லாமலே வேலை நடந்தது. அப்படியெண்டால் உள்ளே இருப்பது இரசாயனம், படிப்படியாகத் தேடிப் பிடிக்கலாம்.

இப்ப எங்கட கிரெப்சுக்கு வருவம். ஹான்ஸ் கிரெப்ஸ் ஜேர்மனியின் பிரைபேர்க் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த இளம் வைத்தியர். 1932இல் ஹென்சலைற் என்ற மாணவரோடு சேர்ந்து, ஈரலில் யூரியா உருவாகும் வழி ஒரு வட்டம் என்று கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் நாசி அரசு யூதர்களை அரச வேலைகளில் இருந்து நீக்கச் சட்டம் கொண்டுவந்தது. கிரெப்ஸ் யூதர். 32 வயதில் வேலை போனது. தன் ஆய்வுக் கருவிகளையும் கொண்டு இங்கிலாந்துக்குப் போனார். முதலில் கேம்பிரிட்ஜ், 1935இல் ஷெபீல்ட்.

அங்கேதான் எங்கட கொப்பி வட்டம் பிறந்தது. புறாவின் நெஞ்சுத் தசை பறப்பதற்கான தசை, மிக வேகமாகச் சுவாசிக்கும். அதை அரைத்து, அது எடுக்கும் ஒட்சிசனைக் கிரெப்சும் மாணவர் வில்லியம் ஜோன்சனும் அளந்தார்கள். கொஞ்சச் சித்திரேற்றைச் சேர்த்தால், அந்தச் சித்திரேற்று எரியத் தேவையானதைவிடப் பலமடங்கு ஒட்சிசன் செலவானது. அதாவது சித்திரேற்று முடிந்துபோகவில்லை, திரும்பத் திரும்ப உருவாகிக்கொண்டிருந்தது. ஒட்சலோஅசற்றேற்றைக் கொடுத்தால் தசை சித்திரேற்றைச் செய்தது. மலோனேற்றால் ஒரு படியை அடைத்தபோதும் ஒட்சலோஅசற்றேற்றில் இருந்து சக்சினேற்று வந்தது. நேர்ப்பாதை அடைபட்டிருக்க, அது மறுபக்கத்தால் சுற்றித்தான் வந்திருக்கவேணும். ஹங்கேரியில் சென்ற் ஜோர்ஜி இந்த அமிலங்கள் சிலவற்றை ஏற்கெனவே அடையாளம் கண்டிருந்தார். ஒரு வட்டத்தை முன்பே கண்டிருந்த கிரெப்ஸ், இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பார்த்தார்.

1937 ஜூனில் அதை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். ஏற்கெனவே பல வாரங்களுக்குப் போதுமான கடிதங்கள் இருக்கு எண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டுரை வேறொரு இதழில் வந்தது. 1953இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது.

வட்டத்துக்கு முன்னால் நடக்கும் கிளைக்கோப்பகுப்பிலும் இதே கதைதான். அதைத் துலக்கியவர்களில் ஒருவர் ஒட்டோ மேயர்ஹோஃப். அவருடைய ஆய்வுகூடத்தில்தான் 1929இல் லோமன் ஏ.ரி.பியைக் கண்டுபிடித்தார். மேயர்ஹோஃப் 1922ஆம் ஆண்டுக்கான நொபெல் பெற்றவர், ஆனால் அது அவரைக் காப்பாற்றவில்லை. 1938இல் ஜேர்மனியை விட்டுப் பாரிசுக்கு ஓடினார். 1940இல் பிரான்சும் விழ, பிரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயினுக்குப் போய், கடைசியில் அமெரிக்கா சேர்ந்தார்.

1940களின் முடிவில் கென்னடியும் லெனிஞ்சரும் கிரெப்சின் வட்டத்தின் வேலைகள் இழைமணியில் நடக்கின்றன என்று காட்டினார்கள். ஆனால் இலத்திரன்கள் ஒட்சிசனை நோக்கி இறங்கும்போது வெளிவரும் சக்தி எப்படி ஏ.ரி.பிக்குள் போகிறது? இடையில் உயர்சக்தி இரசாயனப் பொருள் ஒன்று இருக்கவேணும் என்று எல்லாரும் தேடினார்கள். ஒருவருக்கும் அகப்படவில்லை.

1961இல் பீற்றர் மிச்செல் என்ற ஆங்கிலேயர், அப்படி ஒரு பொருளே தேவையில்லை என்றார். இலத்திரன்கள் இறங்கும்போது புரோத்தன்கள் மென்சவ்வின் மறுபக்கத்துக்குத் தள்ளப்படுகின்றன. குளத்தில் தேக்கின தண்ணி துருசுக்குள்ளால் பாயிற மாதிரி, அவை திரும்பி வரும்போது ஏ.ரி.பி உண்டாகிறது. பலர் இதை ஏற்கவில்லை. மிச்செல் உடல்நலம் கெட்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார். கோர்ன்வோலில் பழைய மாளிகை ஒன்றைத் திருத்தி, ஜெனிபர் மொய்லோடு சேர்ந்து அங்கேயே சிறிய ஆய்வுகூடம் நடத்தினார். தன் கருத்தை விளக்கும் இரண்டு நூல்களைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். சான்றுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1978இல் நொபெல் பரிசு அவருக்குத் தனியாகக் கிடைத்தது.

பழைய புத்தகங்களில் ஒரு குளுக்கோசுக்கு 36 அல்லது 38 ஏ.ரி.பி என்று இருக்கும். இப்போது 30 அல்லது 32 என்கிறார்கள். குளுக்கோசு மாறவில்லை. புரோத்தன்களை எண்ணத் தொடங்கினபிறகு கணக்கு மாறிவிட்டது. அண்ணா, அக்காமாரின் பழைய நோட்ஸில் வேறு இலக்கம் இருக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

எங்கே எரிகிறது எண்ட கேள்வி நுரையீரலில் தொடங்கி இழைமணியின் உள்மென்சவ்வு வரை வந்துவிட்டது. 1789இல் லவோசியே அதோடு சேர்த்துக் கேட்ட மற்றக் கேள்வி, கூட எரிக்கிறவருக்கு ஏன் குறையக் கிடைக்கிறது எண்டது, உயிரியல் புத்தகத்தில் இல்லை. அதுக்கும் புள்ளி வராது. ஆனாலும் அடுத்தமுறை அந்த வட்டத்தைக் கீறும்போது நாங்கள் அதையும் ஒருக்கா யோசிப்பம்.