கோப்பன்ஹேகன் மிதிவண்டிப் பெருவழிகள்: தொலைதூரப் பணிப்பயணத்தின் வரலாறு

மிதிவண்டிப் பெருவழி என்பது, நகரத்துக்கு வெளியே தொலைவில் குடியிருப்போர் நாள்தோறும் மிதிவண்டியிலேயே வேலைக்குச் சென்று திரும்புவதற்காக அமைக்கப்படும் நீண்ட பாதையாகும். டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனைச் சுற்றி 2012 முதல் இத்தகைய பாதைகள் திறக்கப்பட்டு வருகின்றன. டேனிய மொழியில் இவற்றின் பெயருக்கு 'சூப்பர் சைக்கிள் பாதைகள்' என்று பொருள். மிதிவண்டிக்கு உலகப் புகழ் பெற்ற இந்நகரிலும், வேலையிடத்திலிருந்து ஐந்து கி.மீ.க்கு அப்பால் வசித்தவர்களில் சிலரே மிதிவண்டியில் வேலைக்குச் சென்றனர். அதற்கான காரணமும், அதை மாற்ற எடுக்கப்பட்ட முயற்சியும் இப்பாதைகளின் வரலாற்றில் அடங்கியுள்ளன.

தொழிலாளியின் வாகனம்

முன்சக்கரம் மிகப் பெரிதாக இருந்த பழைய மிதிவண்டி, விழுந்தால் தலையில் அடிபடும் ஆபத்துள்ள விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைந்து, சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் 'ரோவர்' வண்டியை உருவாக்கினார். 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தபின் மிதிவண்டி எவரும் அச்சமின்றி ஓட்டக்கூடியதாயிற்று. உற்பத்தி பெருகப் பெருக விலையும் குறைந்து, கூலித் தொழிலாளியும் வாங்கும் நிலை வந்தது.

டென்மார்க் தட்டையான நாடு. அதன் மிக உயர்ந்த இயற்கை மேடே சுமார் 171 மீட்டர்தான். எனவே மிதிவண்டி அங்கு எளிதில் பரவியது. கோப்பன்ஹேகனின் எஸ்பிளனாடன் சாலையில் குதிரை ஓட்டுவோருக்கென இருந்த பாதை 1892-இல் மிதிவண்டிக்கு விடப்பட்டது. 1905-இல் டேனிய மிதிவண்டியோட்டிகள் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. 1930-களில் ஆலைத் தொழிலாளியும் அலுவலக எழுத்தரும் ஒரே சாலையில் மிதிவண்டியில் வேலைக்குச் சென்றனர். 1940 முதல் 1945 வரை ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பெட்ரோல் கிடைப்பது அரிதானதால், மிதிவண்டியே பெரும்பாலோருக்கு வாகனமாயிற்று.

ஐந்து விரல் நகரம்

போருக்குப் பின் நகரம் விரியத் தொடங்கியது. அதை ஒழுங்குபடுத்த 1947-இல் 'விரல் திட்டம்' வகுக்கப்பட்டது. விரித்து வைத்த கை ஒன்றைக் கற்பனை செய்துகொண்டால் இத்திட்டம் எளிதில் விளங்கும். உள்ளங்கை பழைய நகரம். ஐந்து விரல்களும் வெளியே செல்லும் புறநகர் ரயில் தடங்கள். வீடுகள் விரல்களின் மீது கட்டப்பட வேண்டும். விரல்களுக்கு இடையே உள்ள வெளி வயலாகவும் காடாகவும் காக்கப்பட வேண்டும்.

திட்டம் பசுமையைக் காத்தது. ஆனால் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் உள்ள தொலைவு வளர்ந்தது. மேற்கு விரலில் ஆல்பெர்ட்ஸ்லுண்ட், வடமேற்கு விரலில் ஃபாரும் போன்ற ஊர்கள் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 15 முதல் 20 கி.மீ. தொலைவில் உள்ளன. அவற்றில் குடியேறியவர்கள் ரயிலில் சென்றனர். 1950-களிலும் 1960-களிலும் வருமானம் உயர்ந்தபோது பலர் கார் வாங்கினர். மிதிவண்டி பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் செல்லும் வண்டியாகச் சுருங்கியது.

எண்ணெய் நெருக்கடியும் மக்கள் எழுச்சியும்

1973-இல் மேற்காசியப் போரை அடுத்து எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. அப்போது டென்மார்க் தன் எரிசக்தியின் மிகப் பெரும் பகுதிக்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 25 முதல் சில மாதங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவது தடை செய்யப்பட்டது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் சென்றனர்.

இதைத் தொடர்ந்து 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் பாதுகாப்பான பாதை கேட்டு ஆயிரக்கணக்கான மிதிவண்டியோட்டிகள் நகர மன்றச் சதுக்கத்தில் திரண்டனர். மிதிவண்டியில் சென்றவர்கள் மோதி இறந்த இடங்களில் சாலையின் மீது வெள்ளைச் சிலுவைகள் வரையப்பட்டன. அதன் பின்னர் நகரம் கார் சாலையிலிருந்து விளிம்புக்கல் வைத்துப் பிரிக்கப்பட்ட மிதிவண்டிப் பாதைகளைத் தொடர்ந்து அமைத்தது. நகருக்குள் வசித்தவர்கள் பெருமளவில் மிதிவண்டிக்குத் திரும்பினர்.

எல்லையில் அறுந்த பாதை

விரல்களில் வசித்தவர்களின் நிலை வேறு. ஒரு நகராட்சி தன் எல்லை வரை நல்ல பாதை போட்டிருக்கும். அடுத்த நகராட்சியில் அது குறுகிவிடும், அல்லது முடிந்தே போகும். ஓரிடத்தில் விளக்கு இருக்கும், மற்றோரிடத்தில் இருட்டாக இருக்கும். ஓர் ஊரில் காலையிலேயே பனியை அகற்றுவர், அடுத்த ஊரில் அகற்றியிருக்க மாட்டார்கள். மூன்று கி.மீ. செல்பவர் இக்குறைகளில் ஒன்றைச் சந்திப்பார், பதினைந்து கி.மீ. செல்பவர் அனைத்தையும் சந்திப்பார்.

நேரக் கணக்கும் இதனுடன் சேர்ந்தது. 11 கி.மீ. தொலைவை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கடக்க 33 நிமிடம் ஆகும். சராசரி வேகம் 15 கி.மீ.யாகக் குறைந்தால் 44 நிமிடம் ஆகும். இந்த 11 நிமிட இழப்புக்குக் கால்வலிமைக் குறைவு காரணமாக இருக்க வேண்டியதில்லை. சந்திப்புதோறும் நின்று புறப்படுவதே அதற்குப் போதும். நாள்தோறும் இருமுறை இழக்கும் இந்த நேரம், தொடங்கியவரையும் பாதியில் நிறுத்த வைக்கக்கூடியது.

2012: முதல் பெருவழி

இக்குறையைப் போக்க, கோப்பன்ஹேகன் வட்டார நகராட்சிகள் பலவும் தலைநகர் மண்டல நிர்வாகமும் 2009-இல் ஒன்றுகூடிச் செயல்படத் தொடங்கின. பாதை எந்த நகராட்சி வழியே சென்றாலும் அதன் தரம் மாறக்கூடாது என்பது அடிப்படை விதியாயிற்று. முதல் பெருவழி 2012 ஏப்ரலில் ஆல்பெர்ட்ஸ்லுண்டிலிருந்து நகர மையம் நோக்கித் திறக்கப்பட்டது. சி-99 எனப்படும் அது சுமார் 17.5 கி.மீ. நீளமுடையது; ஐந்து நகராட்சிகளைக் கடக்கிறது. 2013-இல் ஃபாரும் பெருவழி (சி-95) திறக்கப்பட்டது.

பழைய பாதைகளை இணைத்தும் செப்பனிட்டுமே இவை பெரும்பாலும் உருவாக்கப்பட்டன. வழி தவறாமல் இருக்க ஆரஞ்சு நிறக் குறிகள் இடப்பட்டன. வழியில் காற்றடிக்கும் பம்புகளும், சிக்னலில் இறங்காமலே கால் ஊன்றி நிற்கத் தாங்கிகளும் வைக்கப்பட்டன. நகரின் நோரெப்ரோகாடே சாலையில் முன்னரே 'பச்சை அலை' என்ற முறை நடைமுறைக்கு வந்திருந்தது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்பவருக்கு அடுத்தடுத்துப் பச்சை விளக்கே கிடைக்கும்படி சிக்னல்கள் காலையில் நகரை நோக்கியும், மாலையில் வெளிநோக்கியும் அமைக்கப்படுவதே அம்முறை. பெருவழிகளின் திட்டத்திலும் இக்கருத்து இடம்பெற்றது.

தொடங்குவோருக்குக் கிடைத்த துணைகள்

பாதை மட்டும் போதவில்லை. வேறு சிலவும் உதவின. 2010 முதல் புறநகர் ரயில்களில் மிதிவண்டியைக் கட்டணமின்றி ஏற்றலாம் என்றானது. எனவே காலையில் மிதிவண்டியில் சென்றவர், மாலையில் மழையோ களைப்போ வந்தால் வண்டியுடன் ரயிலில் திரும்பலாம். வீட்டுக்கும் வேலைக்கும் போய்வரும் தொலைவு நாளொன்றுக்கு 24 கி.மீ.யைத் தாண்டினால் டென்மார்க்கில் வருமான வரிக் கழிவு உண்டு. எந்த வாகனத்தில் சென்றாலும், மிதிவண்டியில் சென்றாலும் அது பொருந்தும். பின்னர் பரவிய மின்மிதிவண்டி, மணிக்கு 25 கி.மீ. வரை மோட்டார் துணை தருவதால், வயதானவர்களும் எதிர்காற்றை அஞ்சாமல் நெடுந்தொலைவு செல்ல முடிந்தது.

உடல்நலமும் ஒரு காரணமாயிற்று. கோப்பன்ஹேகனில் 30,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. வேலைக்கு மிதிவண்டியில் சென்றவர்களைவிடச் செல்லாதவர்களிடம் இறப்பு விகிதம் 39% அதிகம் என்று அது கண்டது. ஓய்வுநேர உடற்பயிற்சி உள்ளிட்ட பிற காரணங்களைக் கணக்கில் கொண்ட பின்னும் இவ்வேறுபாடு நீடித்தது.

இன்றைய நிலை

பெருவழிகளில் செல்வோரின் சராசரிப் பயணத் தொலைவு சுமார் 11 கி.மீ. என்று கணக்கிடப்பட்டுள்ளது. நகருக்குள் வழக்கமாக மிதிக்கும் தொலைவைவிட இது பல மடங்கு அதிகம். 2045-க்குள் 850 கி.மீ.க்கும் மேற்பட்ட வலையமைப்பை உருவாக்குவது திட்டம். எனினும் டேனியக் குளிர்காலமும் கடற்காற்றும் மாறிவிடவில்லை; தொலைதூரப் பயணிகளில் பலர் இன்றும் காரையே பயன்படுத்துகின்றனர். மிதிவண்டியில் நெடுந்தொலைவு வேலைக்குச் செல்வது தனிமனித மன உறுதியால் மட்டும் நிலைப்பதில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. வீட்டு வாசலில் தொடங்கும் பாதை வேலையிடம் வரை அறுபடாமல் செல்லும்போது, உறுதி குறைந்தவர்களும் அப்பயணத்தைத் தொடர முடிகிறது.