சுட்ட கல்லும் சுட்ட மண்ணும்

தமிழில் சுண்ணாம்பின் இரு நிலைகளுக்கு இரு பெயர்கள் உண்டு. காளவாயில் வெந்து வெளிவருவது சுட்ட சுண்ணாம்பு. நீர் தெளித்தபின் பொடிந்து நிற்பது நீற்றிய சுண்ணாம்பு. சுடுதல், நீற்றுதல் என்னும் இவ்விரு வினைகளுள் முன்னதன் விளைவே இவ்வுரையின் பொருள்.

தூய சுண்ணாம்புக்கல் ஒரு டன்னை முழுமையாகச் சுட்டால் ஏறத்தாழ 440 கிலோகிராம் கரியமில வாயு வெளியேறும். அடுப்பெரிக்கும் நிலக்கரியின் புகை இதில் சேராது. இவ்வளவும் கல்லுக்குள் கட்டுண்டு கிடந்ததே. பழைய சுண்ணாம்புக் காரையோ சுவரில் இறுகும் காலத்தில் அவ்வாயுவின் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து மெல்ல மீட்டுக்கொண்டது.

1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 'போர்ட்லண்ட் சிமெண்டு'க்குக் காப்புரிமை பெற்றார். பின்வந்தோர் சூளையின் வெப்பத்தை மேலும் உயர்த்தினர். இன்று சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசில் வெந்து 'கிளிங்கர்' என்னும் கட்டிகளாகின்றன; அவற்றை அரைத்ததே சிமெண்டு. அது விரைந்து இறுகியது; எங்கும் ஒரே தரத்தில் கிடைத்தது. ஆகவே காரையின் இடத்தைப் பிடித்தது. இன்று உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் அதன் பங்கு ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு. அதில் பாதிக்கு மேல் கல்லிலிருந்தே பிறப்பதால், எரிபொருளை மாற்றுவது மட்டும் போதாது.

எஞ்சும் வழிகள் இரண்டு. ஒன்று, வாயுவைப் பிடித்து நிலத்தடியில் சேமித்தல். நார்வேயின் பிரேவிக் ஆலையில் 2025இல் தொடங்கிய அமைப்பு ஆண்டுக்கு 400,000 டன் வாயுவைப் பிடிக்கும் திறனுடையது. அவ்வாலை வெளியேற்றுவதில் அது ஏறத்தாழப் பாதி. இதற்கு அரசின் பெரும் நிதியுதவி தேவைப்பட்டது.

மற்றொன்று, கிளிங்கரின் அளவைக் குறைத்தல். சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் ஒரு கலவையை உருவாக்கினர். சென்னை ஐஐடியும் அப்பணியில் பங்கேற்றது. சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளும் கிளிங்கரில் ஏறத்தாழப் பாதிக்கு மாற்றாகின்றன. களிமண்ணுக்கு 700 முதல் 850 பாகை வெப்பமே போதும். சுடும்போது அதிலிருந்து பிரிவது நீராவி. இதனால் வெளியேற்றம் 30 முதல் 40 விழுக்காடு வரை குறையும்.

இக்கலவை புதியது, இதன் அடிப்படை பழையது. சுட்ட செங்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்போடு சேர்க்கும் பொருளைச் சுர்க்கி என்பர். 'சிவப்பு' எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1895இல் கட்டி முடிக்கப்பெற்ற முல்லைப்பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுந்தது. சிமெண்டு பரவியபின் சுர்க்கி வழக்கொழிந்தது.

அறிவு மட்டும் இருந்தால் கட்டடம் எழாது. விதியும் இடங்கொடுக்க வேண்டும். தரநிலையில் இடம்பெறாத சிமெண்டைப் பொறியாளர் ஏற்கத் தயங்குவர். இந்தியத் தர நிர்ணய அமைவனம் இக்கலவைக்குத் தனித் தரநிலையை 2023இல்தான் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் வெளியேற்றத்துக்கு விலை வைத்தும், சிமெண்டு ஆலைகளுக்கு இலவச ஒதுக்கீட்டை நெடுங்காலம் வழங்கியது. இப்போதுதான் அதைப் படிப்படியாகக் குறைக்கிறது.

பாலமும் பள்ளியும் கட்டும் அரசுகளே சிமெண்டைப் பெருமளவில் வாங்குவோர். தம் ஒப்பந்தங்களில் குறைந்த கிளிங்கர் கொண்ட சிமெண்டை அவை கேட்கத் தொடங்கினால், ஆலைகளும் அதனைச் செய்யத் தொடங்கும்.