செவிலியும் உழைச்செல்வானும்

மேல்நிலை வகுப்பில் தொழிற்கல்விப் பிரிவை எடுத்துக்கொண்டு செவிலியம் பயிலும் ஒரு மாணவி, தமிழாசிரியர் அகப்பாட்டொன்றை விளக்கும்போது ‘செவிலி’ என்னும் சொல்லைக் கேட்கிறாள். அடுத்த பாடவேளையில் தன் தொழிற்பாட நூலைத் திறந்தால், அதே சொல்லை அங்கும் காண்கிறாள். முன்னையது தலைவியைத் தோளிலும் மார்பிலும் தாங்கி வளர்த்த தாயின் பெயர். பின்னையது வெப்பமானியும் நாடித்துடிப்புக் கணக்கும் கையிற்கொண்டு நோயாளியின் கட்டிலருகே நிற்கும் ஊழியரின் பெயர். தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978ஆம் ஆண்டில் தோன்றியபோது தொழிற்கல்வியும் உடன்தோன்றி, அதனுள் செவிலியமும் ஒரு பாடமாக இடம்பெற்றது முதல், இவ்விரு பொருள்களும் ஒரே பள்ளியின் கூரைக்கீழ் வாழ்ந்துவருகின்றன. இவை எவ்வாறு ஒரு சொல்லிற் கூடின என்பதை விசாரிப்பது பயனுடையது.

பழைய பொருளை முதலில் நோக்குவோம். தொல்காப்பியம் அகவாழ்வில் பேசுதற்குரியோரை வகுக்குமிடத்து, நற்றாயை வேறாகவும் செவிலியை வேறாகவும் வைத்து, தோழி என்பவள் அச்செவிலியின் மகளே என்று உறவுமுறையையும் வரையறுத்துச் சொல்லுகிறது. பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி. மகளின் களவொழுக்கத்தை முதலில் உணர்பவளும், மணமான பின் அவள் மனைக்குச் சென்று இல்லறம் நடக்கும் அழகைக் கண்டுவந்து நற்றாய்க்கு உரைப்பவளும் வளர்த்தவளே. ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லைப் பகுதியில் ‘செவிலி கூற்றுப் பத்து’ என்றே ஒரு பத்து உண்டு. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாட்டொன்றில், தான் வளர்த்த பெண் புகை சூழ்ந்த அடுக்களையில் தன் கையாலேயே தயிர்க்குழம்பு சமைத்துக் கணவனுக்கு இடுவதைக் கண்டு வந்து சொல்லுகிறவள் செவிலி. நற்றிணையில் போதனார் பாட்டில், பாற்கிண்ணமும் கையுமாக, உண்ண மறுத்தோடும் சிறுமியைத் துரத்தித் துரத்தித் தளர்ந்துபோகும் நரைத்த கூந்தலினரும் செவிலியரே. பிற்காலத்தார் ஐவகைத் தாயர் என எண்ணிய வரிசையிலும் செவிலித்தாய்க்கு இடமுண்டு. இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கின், ஊட்டுதல், காத்தல், உடனிருத்தல், கண்டதை உரியவரிடம் அறிவித்தல் ஆகிய நான்கும் செவிலியின் தொழில் என்பது புலனாகும். நோய் அவள் தொழிலுக்கு விஷயமாக இவ்விடங்களில் எங்கும் பேசப்படவில்லை.

நோய்க்குரிய சொல்லோ தமிழில் வேறாக இருந்தது. திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிவில் வைத்தியத்தின் நான்கு உறுப்புக்களை எண்ணும்போது, நோயுற்றவனையும் தீர்ப்பவனையும் மருந்தையும் கூறி, நான்காவதாக ‘உழைச்செல்வான்’ என்பவனைக் கூறுகிறார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தை முறைப்படி செலுத்துவோன் அவன். வடமொழி ஆயுர்வேத நூலாகிய சரக சம்ஹிதையும் வைத்தியன், ஔஷதம், பரிசாரகன், ரோகி என்று இந்நான்கையே பாதங்களாக வகுத்திருப்பது அறிஞர் அறிந்ததே. ஆகவே இன்றைய மருத்துவமனை ஊழியருக்குப் பொருள் வகையால் நேர் பொருந்தும் பழந்தமிழ்ப் பெயர் உழைச்செல்வான் என்பதேயாகும். அதே வள்ளுவர் செவிலியையும் அறிந்தவர். பொருள் செயல்வகையைக் கூறுமிடத்து, அன்பு ஈன்ற குழந்தையாகிய அருள், செல்வமாகிய செவிலியாலேயே வளரும் என்று உருவகம் செய்திருக்கிறார். இரண்டு சொற்களும் அவர் கையில் இருந்தன. ஒன்றை நோயறையிலும் மற்றொன்றை வளர்ப்பிலும் தவறாது பிரயோகித்தார்.

அப்படியிருக்க, நம் காலத்தார் உழைச்செல்வானை விடுத்துச் செவிலியை ஏன் கொண்டனர்? இதற்கு ஐரோப்பிய மொழியின் சரித்திரம் ஒரு காரணம் காட்டுகிறது. ‘நர்ஸ்’ என்னும் சொல் ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிற் பிறந்து, முதலில் பிறர் குழந்தைக்குப் பாலூட்டி வளர்க்கும் தாயைக் குறித்து, பதினாறாம் நூற்றாண்டளவில்தான் நோயாளியைப் பேணுவோரையும் குறிக்கத் தொடங்கியது. லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860ஆம் ஆண்டு பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் நிறுவிய பள்ளியிலிருந்து அத்தொழில் பெண்டிர்க்குரிய கல்வியாக உருப்பெற்று, அவ்வுருவிலேயே நம் நாட்டுக்கும் வந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871ஆம் ஆண்டு பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் தொடங்கிய பள்ளி 1946இல் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. பெண்டிர் கையில் வந்த தொழிலுக்கு ஆண்பாற் பெயர் ஒட்டவில்லை. வளர்ப்புத்தாயின் பெயரோ மூலமொழியின் வழியிலேயே இயல்பாகச் சென்று பொருந்தியது.

ஆயினும் தமிழுலகம் முழுவதும் இச்சொல்லை ஏற்கவில்லை. இலங்கையிலும் மலேசியா, சிங்கப்பூர் நாடுகளிலும் தமிழர் ‘தாதி’ என்றும் ‘தாதியர்’ என்றுமே எழுதுகின்றனர். பாலூட்டும் தாயைக் குறிக்கும் ‘தாத்ரீ’ என்னும் வடசொல்லோடு தொடர்புடையது அது. இவ்வேறுபாட்டைக் காணக் கடல் கடக்கவும் வேண்டுவதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடும் போச்சம்பள்ளிச் சந்தையில் ஒரு நாழிகை நின்றால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து காதில் விழும்; ஓசூருக்கு அப்பால் எல்லையைக் கடந்ததும் நோயாளியைப் பேணுபவள் கன்னடத்தில் ‘தாதி’யாகிவிடுகிறாள். பிள்ளைப்பேறு பார்க்கும் கிராமத்து முதியவளைத் தமிழர் மருத்துவச்சி என்கின்றனர். கன்னடர் ‘சூலகித்தி’ என்கின்றனர். அதன் முன்பாகத்திலுள்ள சூல் தமிழர்க்கும் உரிய சொல்லே. தும்கூர் மாவட்டத்தில் ஏராளமான பிரசவங்களைக் கூலியின்றிப் பார்த்த நரசம்மா என்னும் மூதாட்டியார், 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்றபோது, அப்பெயரையே தம் பெயரின் முன்னொட்டாகக் கொண்டு ‘சூலகித்தி நரசம்மா’ என நாடெங்கும் அறியப்பட்டார்.

சொல்லைப் படைத்தல் எளிது. அது நிலைப்பதற்கு வகுப்பு வேண்டும். அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848 முதல் மாணாக்கரைப் பயிற்றி, 1864 முதல் ஆங்கில வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். உடற்கூற்று நூலை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரால் 1872இல் வெளியிட்டார். உடலியக்கத்தைச் ‘சுகரணம்’ என்றார். அவர் 1873இல் தாயகம் திரும்பிய பின் அத்தமிழ் வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. வகுப்போடு அப்பரிபாஷையும் வழக்கொழிந்தது. இன்று எந்தப் பள்ளி மாணவரும் அங்காதிபாதம் என எழுதுவதில்லை. உடற்கூறு என்றும் உடலியங்கியல் என்றுமே எழுதுகின்றனர். கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொரப்பள்ளியிற் பிறந்து சேலத்தில் வக்கீலாக விளங்கிய ராஜாஜி, 1916ஆம் ஆண்டிலேயே சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று அந்நகரில் ஒரு சங்கம் கண்டார். கிருஷ்ணகிரியும் போச்சம்பள்ளியும் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அத்தகைய முயற்சிகளின் பலன் மக்களைச் சென்றடைந்தது, பிற்காலத்தில் பல்லாயிரம் பிள்ளைகள் அச்சொற்களைத் தேர்வுத்தாளில் எழுதவேண்டி வந்தபோதுதான்.

இவ்வளவு எழுதியும் நோயாளி ‘சிஸ்டர்’ என்றும் ‘நர்ஸம்மா’ என்றுமே கூப்பிடுகிறான். ‘செவிலியே’ என்று எவரும் விளிப்பதில்லை. ஆகவே இது வகுப்பறையில் மட்டும் உலவும் உயிரற்ற சொல் என்று ஆக்ஷேபிப்பாரும் உளர். பழைய பாட்டுக்களை மீண்டும் நோக்கினால் இவ்வாட்சேபம் நில்லாது. அங்கும் செவிலியை அப்பெயரால் எவரும் கூப்பிடக் காணோம். ஐங்குறுநூற்றின் ‘அன்னாய் வாழிப் பத்து’ முதலிய இடங்களில் தோழி செவிலியை முன்னிலைப்படுத்திப் பேசும்போது ‘அன்னாய்’ என்றே விளிக்கிறாள். செவிலி என்பது அவளைப் பிறரிடம் சுட்டுதற்கும், இலக்கண ஆசிரியர் கூற்று வகுத்தற்கும் பயன்பட்ட பெயர்; கூப்பிடுதற்கு உறவுப் பெயரே அன்றும் வேண்டியிருந்தது. அன்று அன்னை, இன்று, ஆங்கில வேடம் பூண்ட தங்கை. தொழிற்பெயர் ஒன்றும் அழைப்புப்பெயர் வேறொன்றுமாக இருப்பது இச்சொல்லின் பிறவிக்குணமேயன்றி அதன் குறையன்று.

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தனியாகப் பிரிந்து, 2022இல் போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரியும் பெற்றுவிட்டது. போச்சம்பள்ளிச் சிப்காட்டில் தொழிற்சாலைகள் பெருகி, பெண்கள் மூன்று வேளை முறையில் வேலைக்குச் செல்லும் காலமும் வந்துவிட்டது. இந்நிலையில் இவ்வட்டாரத்து மாணவி செவிலியத்தைத் தேர்வது ஜீவனத்துக்காகவும் தான். அதை இழிவாகக் கருதுவார்க்கு, செல்வத்தையே செவிலியாக்கிய வள்ளுவர் விடை கூறியிருக்கிறார். ஆண்களும் இத்தொழிலுக்கு வந்துவிட்டதால், பெண்பாலாகிய செவிலி என்பதை விடுத்து இருபாற்கும் பொதுவாகச் ‘செவிலியர்’ என்று பாடநூல் எழுதுவது பொருத்தமே. ஆசிரியர்கள் அத்துடன் உழைச்செல்வானையும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நலம். படுக்கைப்புண்ணும் கிருமிநீக்கமும் பயிலும் பிள்ளை, தன் தொழிலுக்கு இம்மொழியில் இரண்டு மரபுகள் உண்டென்றும், வளர்ப்பவளின் பரிவு ஒன்றிலும் பக்கத்தில் நிற்பவனின் கடமை மற்றொன்றிலும் அடங்கியிருக்கிறதென்றும் அறிந்துகொண்டால், மனப்பாடம் செய்யவேண்டிய கலைச்சொற் பட்டியல் அவளுக்குப் பாதி பாரமாகக் குறையும்.