பொலிகாளைகளின் மரபுநோய்ச் சோதனை

பொலிகாளைகளின் மரபுநோய்ச் சோதனை என்பது, இனப்பெருக்கத்துக்குப் பயன்படும் காளையின் உடலில் மறைந்திருக்கும் பரம்பரைக் குறைகளைக் கண்டறிந்து, முடிவை மாடு வளர்ப்போருக்குத் தெரியும்படி பதிவு செய்யும் முறை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் அடங்கிய காவிரிப் படுகையில் சினை ஊசி பரவிய பின்னர் இது தேவையாயிற்று.

கோயில் காளையும் சினை ஊசியும்

காவிரிப் படுகையின் நாட்டு மாடு உம்பளச்சேரி. சேற்று வயலில் உழவும் பார வண்டி இழுக்கவும் பெயர்பெற்ற இனம். திருவாரூர் மாவட்டம் கொருக்கையில் உள்ள அரசுப் பண்ணை இவ்வினத்தைப் பேணுகிறது. முற்காலத்தில் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளையோ ஊரில் ஒருவர் வளர்த்த காளையோ சுற்றுவட்டாரப் பசுக்களுடன் இணையும். அக்காளையிடம் குறை இருந்தால் அது சில ஊர்களோடு நின்றது.

இந்தியாவில் செயற்கை முறைக் கருவூட்டல் 1939இல் மைசூர் அரண்மனைப் பண்ணையில் தொடங்கியது. பின்னர் உறைவிந்து வந்தது. தஞ்சாவூர் மாவட்டம் ஈச்சங்கோட்டை, உதகமண்டலம், ஓசூர் ஆகிய இடங்களில் தமிழகத்தின் உறைவிந்து நிலையங்கள் அமைந்தன. சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பினம் பரிந்துரைக்கப்பட்டது. திரவ நைட்ரஜனில் வைத்த உறைவிந்துக் குச்சிகள் மூலம் ஒரே காளைக்குப் பல்லாயிரம் கன்றுகள் பிறக்க வழி ஏற்பட்டது. காளை இறந்த பிறகும் அதன் வாரிசு பிறக்கும். நற்பண்பு பரவும் அதே வேகத்தில் குறையும் பரவும்.

ஐவன்ஹோவின் வாரிசுகள்

இந்த ஆபத்தை உலகுக்குக் காட்டியது அமெரிக்காவில் 1952இல் பிறந்த ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ என்ற ஹோல்ஸ்டீன் காளை. அதன் வழிவந்த மாடுகள் மிகுதியாகப் பால் கறந்ததால் அதன் வாரிசுகள் பல நாடுகளில் பயன்படுத்தப்பட்டன. அவற்றுடன் ‘பிளாட்’ என்ற நோயும் சென்றது. இந்நோய் உள்ள கன்றின் வெள்ளணுக்கள் இரத்தக் குழாயை விட்டு வெளியேறிக் கிருமியுள்ள இடத்தை அடைய முடியாது. வாய்ப்புண், நிமோனியா, கழிச்சல் என்று மாறிமாறி நோய் கண்டு கன்று பெரும்பாலும் ஓராண்டுக்குள் இறந்துவிடும்.

இது ஒடுங்கு மரபணுவால் வருவது. ஒற்றைக் குறை மரபணு உள்ள காளை நல்ல உடல்நலத்துடன் இருக்கும். இது ‘கடத்தி’ எனப்படும். கடத்திக் காளையும் கடத்திப் பசுவும் சேர்ந்தால் ஒவ்வொரு கன்றுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எனவே காளையைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. 1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டறிந்து டிஎன்ஏ சோதனையை உருவாக்கினர். அங்கு சோதிக்கப்பட்ட சினை ஊசிக் காளைகளில் ஏறத்தாழ 14 விழுக்காடு கடத்திகளாக இருந்தன.

முடிவை வெளியிடுதல்

ஹோல்ஸ்டீன் வளர்ப்போர் சங்கங்கள் முடிவுகளை மறைக்கவில்லை. காளையின் பெயரை ஒட்டியே கடத்திக்கு ஒரு குறியீடும் குறையற்றதற்கு வேறொரு குறியீடும் அச்சிடப்பட்டன. வாங்குபவர் பட்டியலைப் பார்த்தே முடிவு செய்ய முடிந்தது; நோய் விரைவில் குறைந்தது.

நாய் வளர்ப்பிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்காவில் இடுப்பு மூட்டுக் குறையைக் குறைக்க 1966இல் எலும்பியல் அறக்கட்டளை ஒன்று தோன்றி ஊடுகதிர்ப் படங்களை மதிப்பிட்டுப் பதிவு செய்தது. ஆனால் குறையுள்ள முடிவை வெளியிட உரிமையாளரின் இசைவு தேவை. 2001இல் வந்த நாய் நலத் தகவல் மையம் மாற்று வழி கண்டது. முடிவு நல்லதாக இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. சோதித்ததை வெளியிட்டாலே சான்று தருகிறது.

இந்தியாவில்

இந்தியாவிலும் ஹோல்ஸ்டீன் மாடுகளிலும் அவற்றின் கலப்பினங்களிலும் பிளாட் கடத்திகள் கண்டறியப்பட்டன. உறைவிந்து நிலையங்களுக்கான மத்திய அரசின் குறைந்தபட்சத் தரநெறிகள், காளைகளுக்குக் குரோமோசோம் சோதனையையும் பிளாட், சிட்ருலினீமியா போன்ற மரபுநோய்ச் சோதனைகளையும் வலியுறுத்துகின்றன. குறை கண்ட காளை விலக்கப்படும். குச்சியில் நிலையத்தின் குறியீடும் காளையின் எண்ணும் அச்சிடப்படுகின்றன. பசுவுக்கு 12 இலக்கக் காதுப்பட்டை அணிவித்துச் சினை ஊசி விவரம் கணினியில் பதியப்படுகிறது.

களத்தின் பங்கு

அறியப்பட்ட நோயை மட்டுமே சோதனை கண்டுபிடிக்கும். முதுகெலும்பு கோணிய கன்றுகள் பிறக்கும் ‘சிவிஎம்’ என்ற நோய், டென்மார்க்கில் இயல்பற்ற கன்றுகளைத் தொடர்ந்து ஆராய்ந்ததால் 2000ஆம் ஆண்டையொட்டி வெளிப்பட்டது. அதைப் பரப்பிய காளை ஐவன்ஹோவின் பேரன் பெல். அக்காளை பிளாட் கடத்தியாகவும் இருந்தது.

இரண்டு மாடு வைத்திருக்கும் உழவருக்கு ஒரு கன்றின் இழப்பு பெரிய இழப்பு. குறையுடன் பிறந்த கன்றைப் பேசாமல் புதைத்துவிட்டால் அதே காளையின் குச்சி அடுத்த ஊரிலும் போடப்படும். கன்றின் நிலையையும் குச்சியின் எண்ணையும் கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்கும்போது, அந்தத் தகவலும் ஆய்வகச் சோதனை முடிவுக்கு இணையான பயனைத் தருகிறது.