அடையாறு கேட்: கேட்டும் இல்லை, ஹோட்டலும் இல்லை



போன வாரம் திருவான்மியூரிலிருந்து பேரனோடு பஸ்ஸில் ஆழ்வார்பேட்டைக்குப் போனேன். "அடையாறு கேட் இறங்கு" என்றார் கண்டக்டர். "பாட்டி, அடையாறு அப்பவே தாண்டிட்டோமே? கேட்டும் காணோமே?" என்றான் பேரன். முப்பது வருஷத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவளுக்கு இதைவிட நல்ல கேள்வி வேண்டுமா!

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜார்ஜ் மௌப்ரே என்ற வெள்ளைக்கார அதிகாரி, அடையாற்றின் வடகரையில் பெரிய தோட்டமும் குவிமாடம் வைத்த பங்களாவும் அமைத்தார். அங்கே போகிற சாலை மௌப்ரேஸ் ரோடு ஆனது. நூறு வருஷம் கழித்து அந்தப் பங்களாவுக்கு அடையாறு கிளப் வந்தது. 'அடையாறு கிளப் கேட் ரோடு' என்று இன்றும் அங்கே ஒரு தெரு உண்டு. 1963ல் அந்தக் கிளப், 1832ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்போடு இணைந்தது. மௌப்ரேஸ் ரோடும் பின்னாளில் டி.டி.கே. சாலை ஆகிவிட்டது.

1980களில் அந்த முனையில் பல மாடி நட்சத்திர ஹோட்டல் வந்தது. முதலில் ஹாலிடே இன், பிறகு பார்க் ஷெரட்டன், 2015 முதல் கிரவுன் பிளாசா. போர்டு எத்தனை தடவை மாறினாலும் நமக்கு அது 'அடையாறு கேட் ஹோட்டல்'தான். 287 அறைகள். 1989ல் அங்கே தொடங்கிய 'தக்ஷிண்' உணவகம், நம் தென் மாநிலங்களின் வீட்டுச் சமையலை ஐந்து நட்சத்திர மேஜையில் வைத்தது. நம் வீட்டுச் சாப்பாட்டுக்கும் அந்த மரியாதை உண்டு என்று காட்டியது சின்ன விஷயமா?

நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் அங்கே சமையல்கட்டில் வேலை பார்த்தான். "ஒரு தடவை வாங்க டீச்சர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். "அவ்வளவு பெரிய இடத்துல எனக்கு என்னப்பா வேலை" என்று தட்டிக்கழித்தேன்.

2023 டிசம்பர் 20 அன்று ஹோட்டலை மூடினார்கள். கடைசி நாட்களில் பழைய வாடிக்கையாளர்கள் தேடி வந்து சாப்பிட்டார்கள். நான் அப்போதும் போகவில்லை. அன்று ராத்திரி அவன் போன் செய்தான். "யூனிஃபார்மைத் துவைச்சு மடிச்சு வெச்சுட்டேன் டீச்சர்." எனக்குப் பேச்சு வரவில்லை. கட்டடத்தை இடித்தாயிற்று. அந்த இடம் இனி சொகுசு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு.

நம் திருவான்மியூரிலும் ஜெயந்தி தியேட்டர் போய்விட்டது, சிக்னல் பெயரில் இருக்கிறது. கட்டடத்தை இடிக்கலாம், ஜனங்கள் வாயில் இருக்கிற பெயரை இடிக்க முடியாது.

ஆனால் பெயர் சாப்பாடு போடாது. அன்போடு ஒருவர் கூப்பிட்டால் போய்விடுங்கள். நான் போகாமல் விட்டேன்.

அந்த ஹோட்டலில் கல்யாணம், ரிசப்ஷன், வேலை என்று நினைவு இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். பேரனுக்குப் படித்துக் காட்டுகிறேன்.